கோயில் இட்லியும் குடல் பரிசோதனையும்

வைதேகி, அப்பா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "சொல்லுங்கோப்பா" என்றதும் நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். "ஒண்ணுமில்லே, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனைக் கைமாற்றிவிட்டு, சொல்ல நினைத்ததையெல்லாம் அப்புறம் கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெற்ற பெண்ணிடம் பேசுவதற்கே ஒத்திகை வேண்டியிருக்கிறது எனக்கு. எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. தயங்கினால் பேனாவை மூடி வைத்துவிட்டு, தைரியம் வந்த பிறகு மறுபடி திறந்துகொள்ளலாம். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். உன் புது இடத்து டாக்டர்கள் படித்தாலும் சரி, இந்தச் சன்னதித் தெருவே படித்தாலும் சரி. என் குடலைப் பற்றி இந்த ஊருக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸிலிருந்து நீ அனுப்பியிருந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்களே தெற்கே நடத்தும் இன்னொரு ஆஸ்பத்திரியில், குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பிரிவைத் தொடங்கிவைக்க உன்னை அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் கிளம்புகிறாய். அங்கே இருக்கும் பெரிய டாக்டர் உன்னிடம் சொன்னாராமே: "உங்க ஊர் ரூலையெல்லாம் வந்த உடனே இங்க கொண்டு வராதீங்கம்மா. குடல் கொஞ்சம் அழுக்கா இருந்தாலும், பார்த்த வரைக்கும் நார்மல்னு எழுதிக் குடுத்துடலாம். எங்கேயோ கிராமத்துலேருந்து பஸ் மாறி மாறி வர்றாங்க. திரும்ப வாங்கன்னா வரமாட்டாங்க." அதை அப்படியே எழுதிவிட்டு, கடைசியில் நீ கேட்டிருக்கிறாய்: "கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்னப்பா?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. 'விட்டுக் குடும்மா' என்று பதில் வாங்க வேண்டுமானால் என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைக்கமாட்டார். கோயிலில் தீர்த்தத்துக்கு நிற்கும்போது யாராவது முன்னால் நுழைந்தால், நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் தருகிறவன். அப்படி நகர்ந்து நகர்ந்தே எத்தனையோ நாள் தீர்த்தம் தீர்ந்துபோன பிறகு காலி வட்டிலுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது கணக்கு விடைத்தாளில் கூட்டல் தவறி உனக்கு மார்க் அதிகம் வந்திருந்தது. நீ அதை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போகக் கிளம்பினாய். வாசற்படியில் மறித்துக்கொண்டு, "யாருக்கும் தெரியலியே, விட்டுடேன்மா" என்றேன். "எனக்குத் தெரியறதேப்பா" என்று சொல்லிவிட்டு நீ போனாய். மார்க் குறைந்தது, வகுப்பில் முதலிடமும் போயிற்று. அன்று சாயங்காலம் நீ பாட்டுக்குப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாய். நான்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நெஞ்சழுத்தம் உனக்கு உன் அம்மாவிடமிருந்து வந்தது. என்னிடமிருந்து வந்தது ஒழுங்காகப் பட்டியல் போடும் பழக்கம் மட்டும்தான்.

அதனால் இந்தப் பதில் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். விட்டுக் கொடுக்காதே. ஏன் என்பதை எனக்குத் தெரிந்த முறையில், ஆதியிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து நீ இதைக் கேட்டதில்லை.

உன் பெரியப்பாவுக்கு ரத்தம் போனபோது அவர் அதை மூலம் என்றார். நாங்களும் மூலம் என்றே நம்பினோம். கருணைக்கிழங்கு மசியலும் மோரும் சாப்பிட்டுக்கொண்டு வெட்கத்தோடு பொறுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீதான், அப்போது மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அதற்குள் குடலில் இருந்த புற்று கல்லீரலுக்கு ஏறியிருந்தது. அவருடைய காரியங்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நீ சொன்னாய், "இது வர்றதுக்கு முன்னாடி சின்னப் பரு மாதிரி பல வருஷம் உள்ளேயே உக்காந்திருக்கும்பா. அப்பவே எடுத்துட்டா வரவே வராது." எதை மேற்படிப்பாக எடுப்பது என்று நீ யோசித்துக்கொண்டிருந்த காலம் அன்றோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவன் இல்லையே.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் நீ அந்தப் பிரிவை ஆரம்பித்தபோது எனக்குப் பெருமையைவிட பயம்தான் அதிகம். நீ போட்ட விதிகள் அப்படி. குடல் சுத்தமாக இல்லையென்றால் ரிப்போர்ட்டில் நார்மல் என்ற சொல்லே வரக் கூடாது, திரும்ப வரச் சொல்ல வேண்டும். கேமரா வைத்த குழாய் பெருங்குடலின் கடைசி மூலை வரைக்கும் போனதா என்பதற்குப் படம் எடுத்து வைக்க வேண்டும். உள்ளே விடுவது வழி பிடிக்க மட்டும்தான், பார்ப்பதெல்லாம் வெளியே எடுக்கும்போதுதான் என்பதால், சுவரில் கடிகாரம் மாட்டி, மெதுவாக, ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டும். எந்த டாக்டர் எத்தனை பேரைப் பார்த்து எத்தனை பேரிடம் பரு கண்டுபிடித்தார் என்று மாதாமாதம் எல்லோருக்கும் முன்னால் வைக்க வேண்டும், உன் கணக்கு உட்பட. "ஏம்மா எல்லாரையும் பகைச்சுக்கறே? சக டாக்டர்களுக்கே மார்க் போடறியாமே?" என்றேன். நீ சிரித்தாய். "அவாளுக்கு இல்லேப்பா, குழாய் போன வழிக்கு மார்க் போடறேன்."

அண்ணனுக்கு வந்ததால் எனக்கும் பார்த்தாக வேண்டும் என்றாய். நான் பல மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டபோது, பெற்ற அப்பாவை நீ பார்க்கக் கூடாது என்று டாக்டர் ஸ்டெல்லாவிடம் ஒப்படைத்தாய். ஐயம்பேட்டைப் பெண். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். என் மாணவியா, அதுவும் இந்தச் சோதனையா என்று எனக்குக் கூசிற்று. "வேற டாக்டரே இல்லையா?" என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். "இருக்கா. ஆனா எல்லாருமே உங்ககிட்டப் படிச்சவாதான். ஊர்ல பாதிப் பேருக்குப் பாடம் எடுத்துட்டு இப்போ வெக்கப்பட்டா எப்படி?" என்றாள்.

தேதியை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். துவாதசி காலை. முந்தின நாள் ஏகாதசி. எப்படியும் உபவாசம், எப்படியும் வயிறு காலி, ஒரே பட்டினியில் பெருமாளுக்கும் டாக்டருக்கும் கணக்கு நேராகிவிடும் என்று என் திட்டம். பல வருஷமாக ஒரு ஏகாதசி தவறாதவனுக்கு வயிற்றைக் காலியாக வைப்பதைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. நீங்கள் கொடுத்த தாளில் 'நார்ச்சத்து குறைந்த உணவு' என்று போட்டிருந்தது. படித்தேன். ஆனால் தசமியன்று பகலில் கோயிலிலிருந்து இட்லி வந்தது. மந்தார இலை வாசனையோடு, மிளகும் சீரகமும் பல்லில் தட்டுப்படுகிற அந்த இட்லியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நாளைக்குத்தான் முழுப் பட்டினியாயிற்றே, அது எல்லாவற்றையும் தள்ளிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூட அகத்திக்கீரையும் சாப்பிட்டேன். அதை ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஏகாதசி சாயங்காலம் பேதி மருந்தின் முதல் பாதியைக் குடித்தேன். உபவாச நாளில் அவ்வளவு தண்ணீர் குடிக்க மனசே இல்லை. மருந்து விரதத்தைக் கெடுக்காது என்று அம்மா அடித்துச் சொன்னதால் குடித்தேன். அது தன் வேலையைச் செய்தது. நானும் களைத்துப்போனேன். விடியற்காலை குடிக்க வேண்டிய இரண்டாம் பாதியைக் கையில் எடுத்தபோது, 'இனி உள்ளே என்ன இருக்கிறது வெளியே வர?' என்று தோன்றியது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் கொட்டிவிட்டேன். உன் அம்மா சமையலறையிலிருந்து "குடிச்சேளா?" என்றாள். "ஆச்சு" என்றேன். ஆச்சு என்றால் என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

மேஜையில் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மயக்க மருந்து கொஞ்சம்தான் கொடுத்திருந்தார்கள், பாதி விழிப்பு இருந்தது. எதிரில் திரை. இளஞ்சிவப்பாக, பளபளவென்று, ஒரு சுரங்கம் மாதிரி என் உட்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. பரவாயில்லையே, சுத்தமாகத்தான் இருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒரு திருப்பம் தாண்டியது. அதற்கு மேல் பழுப்பாக ஏதோ பூசினாற்போல் இருந்தது. ஸ்டெல்லாவின் கை நின்றது.

"சார், நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து ஏகாதசிம்மா. ஒண்ணும் சாப்பிடலே."

"முந்தாநாளு?"

அவள் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தாள், உறிஞ்சிப் பார்த்தாள். "சார், இங்க சீரகம் தெரியுது."

பக்கத்தில் நின்ற நர்ஸ் திரைக்குக் கிட்டே குனிந்து, "மொளகுகூட இருக்குது டாக்டர். முழுசா இருக்குது" என்றாள்.

"கோயில் இட்லியா சார்?" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்குத் தெரியும். ஒரு தடவை லேபில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நானே கொண்டுபோய்ப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த இட்லியின் சுவையைச் சொல்லிக் கொடுத்தவனின் குடலிலேயே அவள் அதைக் கண்டுபிடித்தாள். மயக்கத்தில் இருக்கிறவனைப் போலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

வெளியே கட்டிலில் கிடந்தபோது அவள் வந்து நிதானமாகச் சொன்னாள். இடதுபக்கம் நன்றாகத் தெரிந்தது, ஒன்றும் இல்லை. வலதுபக்கம் பார்க்க முடியவில்லை. விடியற்காலை குடிக்கிற மருந்துதான் அந்தப் பக்கத்தைக் கழுவும். திரும்ப வர வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஸ்டெல்லா, பாதி பார்த்தாச்சே. பாக்கியும் அப்படித்தாம்மா இருக்கும். நார்மல்னு எழுதிடேன். டாக்டரோட அப்பாவே மருந்து குடிக்கலேன்னு ஊர்ல சொல்லுவா. வைதேகிக்குத்தானே அசிங்கம்" என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? லேப்ல பியூரெட்டைக் கழுவாம ரீடிங் எடுத்துக்கினு வந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"திட்டமாட்டீங்க. அடிக்கமாட்டீங்க. ரெக்கார்டுல குறுக்கால ஒரு கோடு போட்டு, 'கழுவிட்டு வா'ன்னு பொடிப்பொடியா எழுதித் திருப்பிக் குடுப்பீங்க. என்னுதுல எழுதியிருக்கீங்க சார். ரீடிங் சரியாத்தான் இருந்துச்சு. ஆனாலும் எழுதினீங்க."

நீ திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். சிரிக்கவும் இல்லை, எனக்காகப் பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு உன்னிடமும் கெஞ்சினேன். நீ என் காலடியில் உட்கார்ந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "பாக்காத எடத்துல ஒண்ணுமில்லேன்னு எப்படிப்பா எழுதறது? ஒங்களுக்கு எழுதினா நாளைக்கு எல்லாருக்கும் எழுதணும். அப்புறம் நார்மல்ங்கிற வார்த்தைக்கு என்னப்பா அர்த்தம்?" தெருவுக்குத் தெரிந்துவிட்டதே என்று நான் புலம்பியபோது, உன் அம்மா அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள்: "தெரியட்டுமே. காலி வயிறு வேற, சுத்தமான குடல் வேறன்னு இந்தத் தெருவுக்கு வேற எப்படித்தான் தெரியறது?" உன்னோடு சில நாள் நான் பேசவில்லை. பேசவில்லை என்பது உனக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை சந்தேகம், ஏனென்றால் அதற்கு முன்னாலும் நான் அதிகம் பேசியதில்லை.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். ஏகாதசி பக்கமே போகாத ஒரு வாரம். வெறும் சாதமும் மோரும், பிறகு புளி கரைத்துக் கொதிக்கவைத்த சாத்தமுதின் வடிகட்டின தெளிவு, இளநீர். விடியற்காலை டம்ளரும் கையுமாக உட்கார்ந்தபோது உன் அம்மா பரீட்சை ஹாலில் நிற்கிற மேற்பார்வையாளர் மாதிரி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். தொட்டிப் பக்கம் நான் திரும்பக்கூட முடியவில்லை. அந்தத் தடவை திரையில் மூலை வரைக்கும் எல்லாம் இளஞ்சிவப்பு. ஸ்டெல்லா கடைசி மூலையைப் படம் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் இழுக்க ஆரம்பித்தாள். அவ்வளவு மெதுவாக இழுத்தாள். ஒரு மடிப்பைத் தாண்டிப் போய்விட்டு, என்ன தோன்றியதோ, திரும்ப உள்ளே போனாள். மடிப்பை நுனியால் லேசாக ஒதுக்கினாள். அதற்குப் பின்னால் அது இருந்தது. பரு என்றால் எழும்பி நிற்கும் என்று நினைத்திருந்தேன். இது தோசைக்கல்லில் எடுக்காமல் விட்ட மெல்லிய மாவு போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வலதுபக்கம். சீரகமும் மிளகும் உட்கார்ந்திருந்த அதே இடம்.

"இருந்துச்சு பாத்தீங்களா சார்" என்றாள். அடியில் மருந்து ஏற்றி அதை உப்பவைத்து, கம்பி வளையத்தால் சுருக்கி, அறுத்து எடுத்தாள். வலிக்கவே இல்லை. பயாப்ஸி முடிவு வந்த நாள் நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தாய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அந்த வழியில்தான் போயிருக்கும், இப்போது முழுதாக எடுத்தாயிற்று என்றாய். பிறகு ஹெல்மெட்டோடேயே என் தோளில் தலையை வைத்துக்கொண்டாய். அது என் தாடையில் இடித்தது. நான் நகரவில்லை. வைதேகி, முதல் தடவையே நீங்கள் இரண்டு பேரும் என்மேல் இரக்கப்பட்டு நார்மல் என்று எழுதியிருந்தால், அந்தத் தாளை நான் பூஜை அறையில் வைத்துவிட்டு, ரத்தம் வந்தாலும் மூலம் என்று சொல்லிக்கொண்டு கருணைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். நான் சற்றுப் பெரிதுபடுத்துகிறேனோ என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை.

அப்புறம் நடந்ததை நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாயாம். சிரி. திரும்ப வரச் சொன்னால் நோயாளிகள் கோபப்படுகிறார்கள், அடுத்த தெரு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் உடனே நார்மல் கொடுக்கிறார்கள், அதனால் இந்த விதியைத் தளர்த்தலாமா என்று ஆஸ்பத்திரியில் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் முனுசாமி எழுந்து சத்தம் போட்டார். முகாமில் கொடுத்த மலச் சோதனையில் ரத்தம் தெரிந்து, குழாய்ச் சோதனைக்குப் போய், சுத்தமாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். "நான் தறியை வுட்டுட்டு வந்தேன். பட்டினி கெடந்தேன். அந்தக் கருமத்தையும் குடிச்சேன். பாக்க முடியலன்னா அது உங்க மிஷினு கோளாறு. மறுபடி வான்னா எப்பிடிபா வர்றது?" கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஆஸ்பத்திரி நிர்வாகி உன்னைப் பார்த்தார். நீ எழுந்திருக்கப் போனாய். உன் முகம் வெளுத்திருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், அது என் முகம். நான் எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நானும் திரும்பிப் போனவன்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லு சாமி!" என்றார்கள். சொன்னேன். ஏகாதசி, இட்லி, தொட்டியில் கொட்டிய மருந்து, எல்லாம். "என் குடல்ல சீரகம் தெரிஞ்சுது" என்றதும் யாரோ பின்னாலிருந்து "மொளகு?" என்றார். "மொளகும்தான்" என்றேன். சிரிப்பு கிளம்பியது. எழுபது தாண்டிய இந்த வாத்தியார் ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றிருந்தேன். அதன் பிறகு, அந்தச் சீரகத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

முனுசாமி உட்கார்ந்தபடியே கேட்டார், "சாரே, நான் டெஸ்டுக்கு ரெண்டு நாளு முன்னாடி சாயங்காலம் சுண்டலு துன்னுட்டேன். அதுவும் தெரியுமா?"

"தோலோட தெரியும்" என்றாள் ஸ்டெல்லா.

"அட இன்னாம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நார் நாருன்னா எனக்கின்னா தெரியும்? தேங்கா நாருன்னு நெனச்சேன்."

விதி தளரவில்லை. நிர்வாகி அங்கேயே சொல்லிவிட்டார். ஆனால் தாள் மாறியது. 'நார்ச்சத்து' போய், கீரை, சுண்டல், கொய்யா, சீரகம், மிளகு என்று பெயர் பெயராக வந்தது. 'விரதம் இருந்தால் மட்டும் போதாது' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தாய். அது என் வரி. முனுசாமி மறுபடி போனார். அவருக்கு உள்ளே ஒன்றும் இல்லை, ரத்தம் நிஜமாகவே மூலத்திலிருந்துதான். என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார், கையில் பூச்சரத்தோடு. "இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க சாரே. இல்லன்னா இல்லதானே?" என்றார். "இல்லைதான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தேகமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் நிமிர்ந்து நடந்து போனதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வைதேகி, உன் வெற்றி என்று நான் நினைப்பது எனக்குள்ளிருந்து எடுத்த பருவைக்கூட இல்லை. இருக்கிறது என்று கண்டுபிடிப்பதை அதிர்ஷ்டம் உள்ள எவரும் செய்துவிடலாம். இல்லை என்று சொன்னால் அதை நம்பி ஒரு மனிதர் தறிக்குத் திரும்பிப் போகலாம் என்கிற நிலையை உண்டாக்கினாயே, அதுதான்.

அந்தத் தெற்கத்திப் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. பஸ் மாறி வருகிறவர்களை நினைத்துத்தான் சொல்கிறார். அவர் இரக்கத்தை நீ மறுக்காதே. அதை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டு. நாலு நாள் முன்னாலேயே ஆளுக்கு ஒரு போன் செய்து, அந்த ஊர்ச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லி எதைத் தொடக் கூடாது என்று சொல்லட்டும். கருவாடா, கம்மங்கூழா, அங்கே என்ன சாப்பிடுவார்களோ எனக்குத் தெரியாது, நீ கேட்டுத் தெரிந்துகொள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே வந்து தங்க ஒரு கூடம் ஒதுக்கச் சொல். விடியற்காலை மருந்தை அங்கேயே, ஒரு நர்ஸ் எதிரில் உட்கார்ந்திருக்கக் குடிக்கட்டும். உன் அம்மா மாதிரி ஒருத்தி இருந்தால் போதும். இரக்கத்தையெல்லாம் முந்தின நாளில் செலவழித்துவிடு. ரிப்போர்ட்டுக்கு மிச்சம் வைக்காதே. அவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். பயந்தால் பயந்துகொண்டே சொல். பயத்தோடு சொன்னாலும் காதில் விழுகிறது, நான் பார்த்துவிட்டேன். உனக்கு அதற்கான வயது வரும்போது நீயும் அந்த மேஜையில் படுக்க வேண்டும், அப்பா வழியில் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டோம். அதை நினைவுபடுத்தச் சொன்னது அம்மா.

இன்னொன்று. ஸ்டெல்லா எனக்குக் குறித்துக் கொடுத்த மறுபரிசோதனைக் காலம் இந்த ஐப்பசியில் வருகிறது. அதை நான் இங்கே செய்துகொள்ளப் போவதில்லை. உன் புதுப் பிரிவில் ஒரு நாள் போட்டு வை. உன் விதிப்படி வேலை செய்கிற எந்த டாக்டராக இருந்தாலும் சரி. நானும் பஸ் மாறித்தான் வருவேன், அந்தப் பெரிய டாக்டர் பார்க்கட்டும். பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன், ஏகாதசி கிட்டேயே இல்லாத வாரம். அந்த வாரத்துக் கோயில் இட்லியை இப்போதே முனுசாமிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அம்மா டம்ளரோடு கூட வருகிறாள். நான் டாக்டரின் அப்பா என்று யாரிடமும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன். ஏதாவது இருந்தால் இருக்கிறது என்று எழுதட்டும். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதட்டும். சரியாகத் தெரியாவிட்டால், திரும்ப வா என்று எழுதட்டும்.

வருகிறேன்.